ஷட்ஜத்தில் உட்கார மறுக்கும் ராகம்

பாட்டுக் கற்கும் சிறுமிக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது 'ஸ'. கடைசி நாள் வரை அவள் மறக்கக் கூடாததும் அந்த 'ஸ'தான். எங்கே சுற்றினாலும், எவ்வளவு தூரம் போனாலும், திரும்பி அங்கே வந்து சேர வேண்டும் என்பது தெற்கிலும் வடக்கிலும் ஒன்றுபோல் இருந்து வருகிற நியதி. தம்புரா பின்னாலிருந்து விடாமல் நினைவூட்டுவதும் அதையே. அப்படியிருக்க, ஷட்ஜம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதில் அமராமல், அதற்கு அரைச் சுரம் மேலே, அரைச் சுரம் கீழே என்று வாசற்படியிலேயே வளைய வருகிற ராகம் ஒன்று ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் உண்டு. அதன் பெயர் மார்வா.

முதல் முறை கேட்பவருக்கு இந்த ராகம் அவ்வளவாக இனிப்பதில்லை. பாடகர் சுருதியை விட்டு விலகிவிட்டாரோ என்று கூடச் சந்தேகம் தட்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்கும்போது சந்தேகம் போய்விடுகிறது. ஒரு தவிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரோ வருவதாகச் சொல்லியிருந்து, பொழுதும் சாய்ந்து, இன்னும் வராமலிருக்கிற வீட்டின் நிலை அது. சோகம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. சோகத்துக்கு ஒரு முடிவு தெரிந்துவிடுகிறது, இதற்குத் தெரியவில்லை.

ராகம் என்றால் என்ன என்று கேட்டால், ஆரோகணம் அவரோகணம் இரண்டையும் எழுதிக் காட்டி, 'இதுதான்' என்று சொல்லிவிடுகிற பழக்கம் இன்று பெருகியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு அது வசதி. கைபேசியில் ராகத்தின் பெயரைத் தேடுகிறவருக்கும் முதலில் கிடைப்பது சுரப் பட்டியல்தான். பட்டியல் தவறல்ல. ஆனால் பட்டியலே ராகம் என்ற எண்ணம் தவறு. அதற்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பதற்கு மார்வாவை விடத் தகுந்த ராகம் கிடையாது.

ஒரே மாவில் மூன்று பலகாரம்

மார்வாவில் சுரங்கள் ஆறு. பஞ்சமம் அறவே இல்லை. மீதியை வடநாட்டார் ஷட்ஜம், கோமள ரிஷபம், சுத்த காந்தாரம், தீவிர மத்தியமம், சுத்த தைவதம், சுத்த நிஷாதம் என்பர். 'சுத்த' என்ற சொல் இங்கே நம்மவரைக் குழப்பிவிடும். அங்கே அதற்குப் பொருள் வேறு. நம் கணக்கில் சொன்னால் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம்.

சங்கீதம் அறிந்த வாசகர் இந்நேரம், 'இது ஹம்ஸானந்தி அல்லவோ?' என்று கேட்டிருப்பார். சுரப் பட்டியலைப் பார்த்தால் ஹம்ஸானந்தியேதான். பாபநாசம் சிவன் திருவேங்கடமுடையான் மீது பாடிய கிருதியால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த அதே ராகத்தின் சுரங்கள். ஆயினும் அந்தக் கிருதியைப் பாடிப் பழகிய ஒருவரிடம் மார்வாவைப் போட்டுக் காட்டினால், சொந்த ஊர்க்காரரை அந்நிய ஊரில் சந்தித்தது போல் ஒரு கணம் விழிப்பார்.

ஹம்ஸானந்தி இருக்கட்டும். ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்குள்ளேயே இந்த ஆறு சுரங்களை வைத்துக்கொண்டு மூன்று ராகங்கள் தனித்தனிக் குடித்தனம் நடத்துகின்றன. மார்வா ஒன்று, பூரியா ஒன்று, ஸோஹனி ஒன்று. இட்லியும் தோசையும் பணியாரமும் ஒரே மாவுதான் என்று சொன்னால் சமையலறையில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் மூன்றும் ஒன்றுதான் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பூரியா கீழே இருக்க விரும்புகிற ராகம். மந்திர ஸ்தாயியில், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பற்றிக்கொண்டு, அவசரமில்லாமல் நடக்கும். முதியவர் ஒருவர் மாலையில் திண்ணையில் அமர்ந்து நிதானமாகப் பேசுவதைப் போல் இருக்கும் அதன் போக்கு. ஷட்ஜத்துக்கும் அதற்கும் பகை இல்லை. வேண்டும்போது வந்து அமரும்.

ஸோஹனி அதற்கு நேர் எதிர். கீழே இறங்கவே அதற்குப் பொறுமையில்லை. மேல் ஷட்ஜத்தைச் சுற்றியே அதன் விளையாட்டு. தைவதத்திலிருந்து தாவி, தார ஷட்ஜத்தைத் தொட்டு, அங்கிருந்து பூமழைபோல் உதிர்ந்து வரும். 1960இல் வெளியான 'மொகலே ஆஸம்' படத்தில், தான்ஸேன் பாடுவதாக வரும் காட்சிக்கு நௌஷாத் இசையமைப்பில் உஸ்தாத் படே குலாம் அலி கான் பாடினாரே, அது ஸோஹனிதான். காதல் காட்சிக்கு அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தப் பாட்டைக் கேட்டவரிடம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் மார்வா. அது மேலேயும் ஓடாது, கீழேயும் தங்காது. கோமள ரிஷபத்தில் ஒரு காலும் தைவதத்தில் ஒரு காலுமாக நிற்கும். கீழ் நிஷாதத்திலிருந்து கிளம்பினால் 'நி ரி க ம த' என்று ஷட்ஜத்தைத் தாண்டிக் குதித்துவிடும். இறங்கும்போது 'த ம க ரி' என்று ரிஷபத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். இன்னும் ஒரு படி இறங்கினால் வீடு. இறங்காது. மறுபடி மேலே போகும், மறுபடி வரும், மறுபடி ரிஷபத்தில் நிற்கும். கடைசியில், கேட்பவருக்குப் பொறுமை எல்லை தாண்டுகிற சமயத்தில், பாடகர் ஷட்ஜத்தைத் தொடுவார். அந்த ஒரு கணத்துக்காகவே சபையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

எந்தச் சுரங்கள் வருகின்றன என்ற கேள்விக்கு மூன்று ராகங்களும் ஒரே பதில்தான் சொல்கின்றன. எங்கே நிற்கிறது, எதைத் தாண்டுகிறது, எதைத் தள்ளிப்போடுகிறது என்ற கேள்விகளுக்குத்தான் தனித்தனிப் பதில். பட்டியலில் அகப்படாத விஷயம் இது.

எட்டயபுரத்துக்கு வந்த வக்கீல்

மார்வாவின் பெயர் சாஸ்திரப் புத்தகங்களில் இவ்வளவு பெரிதாக அடிபடுவதற்குக் காரணம் ஒரு மனிதர்: விஷ்ணு நாராயண பாத்கண்டே. 1860இல் பிறந்தவர்; தொழில் வக்கீல்; ஊர் பம்பாய். உஸ்தாத்களின் குடும்பச் சொத்தாக, நோட்டுப் புத்தகம் இல்லாமல், வாய்வழியாக வந்துகொண்டிருந்த சங்கீதத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் எழுத வேண்டும் என்று இறங்கினார். வக்கீலுக்கு உரிய ஆசைதான்.

அந்த ஆசை அவரை 1904இல் தென்னாட்டுக்கு அழைத்து வந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளியான ஆண்டும் அதுவே. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் வகுத்த 72 மேளங்களின் கட்டுக்கோப்பைக் கண்டு பாத்கண்டே வியந்தார். வடக்கே திரும்பிய பிறகு அவர் வகுத்த 'தாட்' முறைக்கு அந்த வியப்பே விதை. 72 வேண்டாம், 10 போதும் என்று முடிவு செய்தார். பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காபி, ஆஸாவரி, பைரவி, தோடி என்று பத்து வீடுகளைக் கட்டி, நடைமுறையில் இருந்த ராகங்களை அவற்றில் குடியேற்றினார். 1926இல் லக்னோவில் மாரிஸ் கல்லூரி தொடங்கியபோது அந்த முறை பாடத் திட்டமாகவே ஆகிவிட்டது. 1936இல் அவர் மறைந்தார். வீடுகள் இன்றும் நிற்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. மார்வா தாட்டில் ஏழு சுரங்கள் உண்டு, பஞ்சமமும் உண்டு. நம் 53ஆவது மேளமாகிய கமனச்ரமத்துக்கு அது சரியாக ஒத்துப்போகும். ஆனால் அந்த வீட்டுக்குப் பெயர் கொடுத்த மார்வா ராகத்துக்குப் பஞ்சமம் ஆகாது! பெயர்ப் பலகையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது.

பாத்கண்டேயைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சிதறிக் கிடந்ததைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர். அவருடைய 'க்ரமிக புஸ்தக மாலிகா' ஆறு பாகங்களும் இல்லாவிட்டால் எத்தனையோ உருப்படிகள் அவற்றைப் பாடியவர்களோடு போயிருக்கும். கட்டியவர் தந்தது வாசற்கதவு. அதையே முழு வீடு என்று எண்ணிக்கொள்வது பின்வந்தவர்களின் பிழை.

கணக்குக்கு அடங்காத ஜோடி

பாத்கண்டே முறையில் ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு வாதி சுரம், ஒரு ஸம்வாதி சுரம் உண்டு. வாதி ராஜா என்றால் ஸம்வாதி மந்திரி. இருவருக்கும் இடையே நாலாம் சுரம் அல்லது ஐந்தாம் சுரம் என்ற உறவு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து ஒலிக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் இழைவதைத் தம்புராவில் தினமும் கேட்கிறோம்.

கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஷட்ஜத்துக்கு நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், இயற்கைச் சுருதியில் காந்தாரம் 300, தைவதம் 400, நிஷாதம் 450. பூரியாவில் வாதி காந்தாரம், ஸம்வாதி நிஷாதம்: 300க்கு 450. சரியாக ஒன்றரைப் பங்கு. ஐந்தாம் சுர உறவு அப்பழுக்கில்லாமல் அமைகிறது. ஸோஹனியில் வாதி தைவதம், ஸம்வாதி காந்தாரம்: 400க்கு 300. நாலாம் சுர உறவு. அதுவும் பழுதில்லை.

இனி மார்வா. வாதி கோமள ரிஷபம், ஸம்வாதி தைவதம் என்கிறது புத்தகம். கோமள ரிஷபம் 256. அதற்கு ஒன்றரைப் பங்கு 384. ஆனால் மார்வாவின் தைவதமோ 400. பதினாறு அதிர்வு தள்ளி நிற்கிறது. விதிப்படி அமைய வேண்டுமானால் கோமள தைவதம் வந்திருக்க வேண்டும். அது வந்தால் மார்வா போய்விடும். ஆக, ராஜாவும் மந்திரியும் ஒத்துப்போகாத ராஜ்யம் இது. சாஸ்திரப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 'விதிவிலக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். தைவதத்தை வாதியாக்கி ரிஷபத்தை ஸம்வாதியாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. இடத்தை மாற்றினால் சண்டை தீருமா?

உண்மையில் விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்ட இந்த இடத்தில்தான் ராகத்தின் உயிரே இருக்கிறது. மார்வாவின் தவிப்புக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். எந்த இரண்டு சுரங்களில் அது நிற்கிறதோ அவை இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னால் தம்புராவிலிருந்து வரும் ஷட்ஜத்தோடு ரிஷபம் உரசுகிறது: 240க்கும் 256க்கும் உள்ள நெருக்கம் சுகமான நெருக்கமல்ல. பஞ்சமம் இருந்தாலாவது சற்று இளைப்பாறலாம், அதுவும் கிடையாது. வழக்கமாகப் பஞ்சமத்துக்குச் சேர்க்கிற தம்புராத் தந்தியை மார்வாவுக்காக நிஷாதத்துக்குச் சேர்ப்பார்கள். தைவதத்துக்குச் சேர்ப்பவர்களும் உண்டு. சாய்ந்துகொள்ளச் சுவரே இல்லாத அறையில் இந்த ராகம் நின்றுகொண்டிருக்கிறது.

மார்வாவின் ரிஷபம் மற்ற ராகங்களின் கோமள ரிஷபத்தை விடச் சற்றே உயர்ந்தது என்று வித்வான்கள் பலர் சொல்வார்கள். கீழ்த் தைவதத்தின் பக்கம் இழுபடுவதால் அப்படி ஆகிறது போலும். ஆர்மோனியக் கட்டையில் இந்த நுட்பம் வராது. 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானொலி அந்த வாத்தியத்தை ஒதுக்கி வைத்திருந்ததைப் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. மார்வாவைக் கருதியாவது அந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

சூரியன் சாட்சி

ஹிந்துஸ்தானி ராகங்களுக்கு நேரம் உண்டு என்பது யாவரும் அறிந்தது. பகலும் இரவும் சேர்ந்து எட்டு ஜாமம். இன்ன ராகம் இன்ன ஜாமத்தில் என்று வகுத்திருக்கிறார்கள். இரவும் பகலும் சந்திக்கும் இரு வேளைகளுக்கு உரியவை 'ஸந்திப்பிரகாச' ராகங்கள். கோமள ரிஷபமும் சுத்த காந்தாரமும் அவற்றின் அடையாளம். விடியலா அந்தியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மத்தியமத்தைப் பார்க்கச் சொல்கிறார் பாத்கண்டே. பைரவ் தாட்டை எடுத்து அதன் சுத்த மத்தியமத்தைத் தீவிர மத்தியமமாக மாற்றினால் பூர்வி தாட் வந்துவிடும். மற்ற ஆறு சுரங்களும் அப்படியே இருக்கும். பைரவ் விடியற்காலை, பூர்வி அந்திப் பொழுது. ஒரு சுரத்தை அரைப் படி ஏற்றியதும் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விடுகிறான்!

மார்வாவுக்கு விதித்த நேரம் அந்தி. வடநாட்டில் கோதூளி வேளை என்று ஓர் அழகான சொல் உண்டு: மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளின் குளம்புத் தூசியில் வெயில் மங்கும் நேரம். பூரியா அதைத் தொடர்ந்து வருகிற முன்னிரவு. ஸோஹனியோ இரவின் கடைசி ஜாமம். சுரங்கள் ஒன்றாயிருக்க நேரம் மட்டும் மாறுவானேன் என்றால், அதற்கும் பதில் உண்டு. வாதி சுரம் கீழ்ப் பாதியில் இருந்தால் நடுப்பகலிலிருந்து நள்ளிரவு வரை. மேல் பாதியில் இருந்தால் நள்ளிரவிலிருந்து நடுப்பகல் வரை. ஸோஹனியின் வாதி தைவதம். ஆகவே நள்ளிரவு தாண்டித்தான் அதன் வருகை.

இவ்வளவும் கேட்பதற்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது இயற்கையின் சட்டமா, மனிதர் செய்துகொண்ட ஏற்பாடா? ஏற்பாடுதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதே ஆறு சுரங்களில் அமைந்த ஹம்ஸானந்தியை நம் வித்வான்கள் இரவு ஒன்பது மணிக்குப் பாடினாலும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. போதாதற்கு, சூரியனே ஊருக்கு ஊர் வேறு நேரம் காட்டுகிறான். டிசம்பரில் கல்கத்தாவில் ஐந்து மணிக்கே அந்தி. அதே நாளில் பம்பாயில் ஆறு மணி தாண்ட வேண்டும். டெல்லியில் ஜூன் மாதத்தில் ஏழு மணிக்குக்கூட வெயில் மிச்சமிருக்கும்.

ஆயினும் ஏற்பாடு என்பதாலேயே அர்த்தமற்றது என்று ஆகிவிடாது. தலைமுறை தலைமுறையாக அந்தியில் கேட்டுக் கேட்டு, அந்தியின் மனநிலையும் அந்த ராகமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. பொழுது முடிந்துவிட்டது, விளக்கு இன்னும் ஏற்றவில்லை என்ற அந்த ரெண்டுங்கெட்டான் நேரத்துக்கும், வீட்டு வாசல் வரை வந்து உள்ளே நுழையாத இந்த ராகத்துக்கும் உள்ள பொருத்தத்தை, அந்த நேரத்தில் ஒரு முறை கேட்டவர் மறுக்கமாட்டார்.

அரை மணி நேரத்து வாழ்வு

வழக்கு இங்கேதான் சிக்கலாகிறது. மார்வாவுக்கு விதித்த பொழுதோ மிகச் சிறியது. வடநாட்டு நகரங்களில் மாலைக் கச்சேரி என்றால் ஆறரை அல்லது ஏழு மணி. வரவேண்டிய பிரமுகர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடைகள் போர்த்தி முடிவதற்குள் அந்தி அதன் பாட்டுக்குப் போய்விடுகிறது. பாடகர் மேடையில் அமரும்போது இரவின் முதல் ஜாமம், யமன் காத்துக்கொண்டிருக்கிறது. யமன் அழகான ராகம், கேட்டவுடன் கவர்ந்துவிடும். இப்படியாக மார்வாவின் முறை மறுபடி மறுபடி தவறிப்போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வித்வான்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் உண்டு. மார்வாவை முதலில் பாடிவிட்டால் சபையின் காது நிலைகொள்ள நேரமாகும். ஷட்ஜத்தை அவ்வளவு நேரம் பட்டினி போட்டபின், அடுத்து வரும் ராகம் எதுவானாலும் சற்றுத் தட்டுத் தடுமாறித்தான் தொடங்க வேண்டும். கைதட்டலும் உடனே வராது. டிக்கெட் வாங்கி வந்தவரைத் தவிக்க வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும் அல்லவா? மராத்திய நாட்டு வசந்தராவ் தேஷ்பாண்டேக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. இளமையில் லாகூர் சென்று உஸ்தாத் அசத் அலி கானிடம் மார்வாவைக் கற்றவர் அவர். 1983இல் அவர் காலமாகும் வரையில் அந்த ராகம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சகோதர ராகமாகிய ஸோஹனிக்கு வந்த சங்கடம் வேறு விதம். விடிய விடிய நடந்த திறந்தவெளிக் கச்சேரிகள்தாம் அதற்கு வாழ்வு. 2000ஆம் ஆண்டு வந்த ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. தூங்க வேண்டியவர்களுக்கு அது நியாயமான விதியே, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் புனாவில் 1953இல் தொடங்கி இரவு முழுவதும் நடந்துவந்த ஸவாயி கந்தர்வ விழாவும் அதற்குத் தலைவணங்கி, பிற்பகலிலேயே ஆரம்பிக்கும்படி ஆயிற்று. கல்கத்தாவின் டோவர் லேன் மாநாடுபோல் நான்கு சுவருக்குள் விடிய விடிய நடப்பவை அபூர்வம்.

இதில் மார்வாவுக்கு ஒரு லாபம் ஒளிந்திருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கச்சேரி பிற்பகலில் தொடங்கினால் அந்தி கச்சேரிக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஸோஹனியிடமிருந்து பறித்த நேரத்தைச் சட்டம் மார்வாவின் கையில் கொடுத்திருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சபைக் காரியதரிசிகளுக்கு ஒரு யோசனை. வருஷத்தில் ஒரே ஒரு கச்சேரியை, பனிக்காலத்தில், மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பாருங்கள். பொன்னாடைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளியே வெளிச்சம் குறைவது உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டும். குளிர்சாதன மண்டபத்தில், நாலு பக்கமும் திரைபோட்டு, பட்டப்பகலையும் நள்ளிரவாக்கும் மின்விளக்கின் கீழ் உட்கார்ந்துகொண்டு, 'இது அந்தி ராகம், இப்போது பாடலாகாது' என்று சாஸ்திரம் பேசுவதில் என்ன இருக்கிறது? அங்கே அந்தியும் கிடையாது, விடியலும் கிடையாது.

அதுவும் முடியாதென்றால்? இரவு எட்டு மணிக்கே பாடட்டும். இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்துக்கு மரியாதை உண்டு. நேர நியதியைக் கைவிட்டால் ஒரு பெரிய அனுபவம் போய்விடும் என்ற அச்சத்தில் பிறந்த கோபம் அது. ஆனால் நியதியைக் காப்பாற்றுவதற்காக ராகத்தைப் பாடாமலே விட்டுவிட்டால், கடைசியில் மிஞ்சுவது நியதி மட்டும்தான். மார்வா என்பது பரீட்சைத் தாளில் நிரப்ப வேண்டிய ஒரு கோடிட்ட இடமாக ஆகிவிடும்: வாதி ரிஷபம், ஸம்வாதி தைவதம், பஞ்சமம் வர்ஜம், மதிப்பெண் ஐந்து.

மேலே பார்த்தபடி, மார்வாவின் தவிப்பு சூரியனிடமிருந்து கடன் வாங்கியதன்று. 256க்கும் 400க்கும் இடையே உள்ள ஒவ்வாமையில் பிறந்தது அது. அந்த ஒவ்வாமை மதியம் பன்னிரண்டு மணிக்கும் அப்படியேதான் இருக்கும். அந்தி அதற்குத் துணை செய்யும். அந்தி இல்லாவிட்டால் ராகம் செத்துவிடாது.

இதற்குச் சாட்சியும் உண்டு. உஸ்தாத் அமீர் கான் 1912இல் பிறந்தவர். 1974இல் கல்கத்தாவில் மோட்டார் விபத்தில் இறந்தவர். சுரம் சுரமாகப் பெருக்கிக் கட்டுவதில் அவருக்கு இணை அவரே. அவசரம் என்பதை அறியாத குரல். பதினான்கு மாத்திரை கொண்ட ஜும்ரா தாளத்தை இன்னும் நீட்டி, யோசித்து யோசித்துப் பாடுவார். மார்வாவுக்கென்றே அமைந்த குணம் அது. மூன்றரை நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டிய பழைய கிராமபோன் தட்டில் அவர் பாட்டு அடங்குமா? அடங்காது. நீண்டு ஓடும் 'எல்.பி.' தட்டு வந்த பிறகே அவருக்கு வழி பிறந்தது. 1960இல் வந்த அந்தத் தட்டில் அவர் மார்வா பாடியிருக்கிறார். இருபது நிமிஷத்துக்கு மேல் அந்த ரிஷபத்தைச் சுற்றி வருகிறார். ஷட்ஜத்தைத் தொடுகிற இடங்கள் அபூர்வம்; தொட்டாலும் குழந்தை உறங்கும் அறைக்கதவைத் தொடுவதுபோல் மெல்லத் தொட்டு விலகிவிடுகிறார். இந்தத் தட்டை அந்தியில் மட்டும் போட்டவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? ஆபீசுக்குக் கிளம்பும் முன்பும், சாப்பாட்டுக்குப் பிறகும், தூக்கம் வராத இரவிலும் கேட்டவர்களே அதிகம் இருப்பார்கள். அவர்களில் யாரும் ராகம் வேலை செய்யவில்லை என்று தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தத் தட்டின் மறு பக்கத்தில் இருப்பது தர்பாரி. அது நள்ளிரவு ராகம். சாஸ்திரப்படி ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையே ஐந்தாறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தட்டைத் திருப்பிப் போடுவதற்கு அமீர் கானின் ரசிகர்களுக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது.